மேற்கரைத் தொகுதியின் நிறைவு வரலாறு

இப்போதெல்லாம் ஜனங்கள் எதிரில் நிற்கிற பஸ்ஸை நம்புவதில்லை, அதன் நெற்றியில் தொங்குகிற போர்டைத்தான் நம்புகிறார்கள் என்பது கொளஞ்சியப்பனின் நெடுநாள் எரிச்சல். அன்றைக்குக் காலையிலும் அதுதான் நடந்தது. விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீமுஷ்ணம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் தொண்டை கிழிய, "முஷ்ணம், முஷ்ணம்" என்று கத்தினார். டிரைவர் போர்டை மாற்ற மறந்திருந்ததால் அது கம்மாபுரம் என்று காட்டியது. பையும் கையுமாக இருபது பேர் அந்தப் பஸ்ஸைப் பார்த்தபடியே முஷ்ணம் பஸ்ஸுக்காகக் காத்திருந்தார்கள். பஸ் காலியாகக் கிளம்பிப் போனது. போன பிறகு ஒருவர் வந்து, "முஷ்ணம் பஸ்ஸு எத்தனை மணிக்குங்க?" என்று கொளஞ்சியப்பனிடமே கேட்டார்.

"இப்பத்தான் உங்க மூக்கு முன்னால போச்சு. மூக்குல எழுதி ஒட்டியிருந்தா ஏறியிருப்பீங்க."

எழுபத்தொரு வயது. படிப்பு இரண்டாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. செராமிக் கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் சூளைக்கு முன்னால் நின்ற மனிதர். வெந்துவிட்டது என்று யார் சொன்னாலும் விரல் முட்டியால் தட்டிப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார். வெந்த பீங்கான் 'டிங்' என்று சொல்லும், வேகாதது 'தொப்' என்று சொல்லும். தேங்காய், பீங்கான், மருமகன் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தே எடுத்தவர்.

பஸ் ஸ்டாண்டு வாசலில் கீரை விற்றுக்கொண்டிருந்த அவர் மனைவி வீராயி, கூடைக்கு அடியிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து நீட்டினாள்.

"இந்தாய்யா, போஸ்ட்மேன் குடுத்தாரு. உன் பாலம் வந்துடுச்சு போல."

பாலம் என்று அவள் சொன்னது ஒரு மனுவை. அவர்கள் குடியிருக்கும் களிமேட்டுத் தெரு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். கடை, ஆஸ்பத்திரி, பஸ் எல்லாம் இந்தப் பக்கம். நடுவில் எந்நேரமும் ஒரு கூட்ஸு வண்டி படுத்துக் கிடக்கும். ரெண்டு கிலோமீட்டர் சுற்றி ரயில்வே கேட்டு வழியாகப் போகலாம், இல்லாவிட்டால் வண்டிக்கு அடியில் குனிந்து போகலாம். தெருவே குனிந்துதான் போய்வந்தது. எண்பத்து நாலாம் வருஷம் ஒரு நாள் வீராயி கூடையோடு அடியில் இருக்கும்போது வண்டி ஒரு உதறு உதறியது. முந்தானை சக்கரத்தில் மாட்டிப் பாதியாகக் கிழிந்தது. மீதிப் புடவையோடு அவள் வெளியே வந்து, "கீரை கெட்டுப்போச்சு" என்று அழுதாள். மறுநாளே கொளஞ்சியப்பன் மேற்கரை நாடாளுமன்றத் தொகுதி உறுப்பினரிடம் நடைமேம்பாலம் கேட்டு மனுக் கொடுத்தார். மனு எண் 84/117. 'பரிசீலனையில் உள்ளது' என்று தேர்தலுக்குத் தேர்தல் பதில் வந்தது. அந்தக் கடிதங்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். வீராயி இருபத்து நாலு வருஷமாகக் குனிந்துகொண்டிருந்தாள்.

இதற்கிடையில் 2008இல் தொகுதிகளை மாற்றி வரைந்தார்கள். மேற்கரைத் தொகுதி இல்லாமல் போனது. ஊர் இருந்த இடத்தில் இருந்தது, கூட்ஸு வண்டி இருந்த இடத்தில் இருந்தது, தொகுதியை மட்டும் நான்காகக் கிழித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். உறையில் இருந்த கடிதம், மனு எண் 84/117 சம்பந்தமாக 'முன்னாள் மேற்கரை நாடாளுமன்றத் தொகுதி வரலாற்று நிறைவுக் குழு' முன்பு ஆஜராகச் சொன்னது.

குழு ஒரு கல்யாண மண்டபத்தின் பந்தி அறையில் இயங்கியது. நீள மேஜைகளில் இலை போடுகிற இடத்தில் கோப்புகள் போட்டிருந்தார்கள். எந்தக் கோப்பைத் திறந்தாலும் லேசாக ரசம் வாசனை வந்தது. தலைமாட்டில் தனி அலுவலர் பிலோமின்ராஜ் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருந்தார். மூன்றுக்கும் மூடி இருந்தது.

"என் பாலம் என்னாச்சுங்க?" என்றார் கொளஞ்சியப்பன்.

"உக்காருங்க பெரியவரே. தொகுதி போயிடுச்சு, தெரியுமில்ல? மனுஷன் செத்தா ஒரு சர்ட்டிபிகேட்டு போதும். தொகுதி செத்தா வரலாறு வேணும். வரலாறு முடிஞ்சாத்தான் கணக்கு மூடும், கணக்கு மூடினாத்தான் மனுவெல்லாம் புதுத் தொகுதிக்குப் போவும். உங்க பாலம் இப்ப வரலாற்றுல நிக்குது."

"நிக்குதா? தண்டவாளத்துல காணமே."

"அவசரப்படாதீங்க. எல்லாத் தேர்தல்லயும் ஓட்டுப் போட்ட மூத்த வாக்காளர் ஒருத்தர் வாக்குமூலம் வேணும். லிஸ்ட்டுல உங்க பேருதான் இருக்குது. உங்க வரலாற்றச் சொல்லுங்க, பாலம் தானா நகரும்."

வரலாற்றை எழுத அமர்த்தப்பட்டவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், புலவர் தனக்கோடி. அவர் தலையைச் சாய்த்து, "முதன்முதலில் வாக்களித்த நாளில் தாங்கள் எய்திய உவகையைக் கூறுங்கள் ஐயா" என்றார்.

"வெயிலு. மூணு மணி நேரம் வரிசையில நின்னேன். மை வச்சாங்க. வூட்டுக்கு வந்து கஞ்சி குடிச்சேன்."

புலவர் எழுதினார்: 'கதிரவன் வாழ்த்த, நீண்டதோர் மக்கள் வெள்ளத்தில் நின்று கடமையாற்றினார்.'

"உறுப்பினர் தங்கள் பகுதிக்கு எழுந்தருளியதுண்டா?"

"ஒருக்கா வந்தாரு. ஜீப்பு சேத்துல மாட்டிக்கிச்சு. நாங்க பதினாலு பேரு தள்ளி வுட்டோம். திரும்பிப் பாக்காம போயிட்டாரு."

'தொகுதியை முன்னோக்கி நகர்த்த மக்களும் உறுப்பினரும் தோளோடு தோள் நின்றனர்' என்று புலவர் எழுதி, அந்த வரியைத் தானே இரண்டு முறை படித்துப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி அழைத்தார்கள். வரலாற்றில் 'சாதனைகள்' என்றொரு அத்தியாயம் உண்டு. அது பன்னிரண்டு பக்கத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. அலமாரி முழுக்கத் தேடியதில் மேற்கரைத் தொகுதியின் நாற்பத்தாறு வருஷத்துக்கும் சேர்த்து உருப்படியான தடயம் ஒன்றுதான் கிடைத்தது. அது மனு எண் 84/117. டைப் அடிக்கும் விமலாராணி அந்தப் பக்கத்தைக் கொளஞ்சியப்பனுக்குப் படித்துக் காட்டினாள்.

"முதல் பிரதியில 'பரிசீலனையில் இருந்தது'ன்னு போட்டோம் தாத்தா. வரலாற்றுல நிலுவை இருக்கக் கூடாதுன்னு மேல திருப்பி அனுப்பிட்டாங்க. ரெண்டாவதுல 'கொள்கை அளவில் கட்டி முடிக்கப்பட்டது'ன்னு போட்டோம். வாக்கியம் நீளமா இருக்குதுன்னு சொல்லி அதையும் திருப்பிட்டாங்க."

"இப்ப?"

"'கட்டி முடிக்கப்பட்டது.'"

கொளஞ்சியப்பன் எழுந்து போய்த் தனி அலுவலரின் கையைப் பிடித்தார். "வாங்க, வந்து பாருங்க."

பிலோமின்ராஜ் மறுக்கவில்லை. கள ஆய்வு என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, குடை பிடிக்க ஒரு ஆளோடு ஆட்டோவில் வந்தார். தண்டவாளத்தில் வழக்கம்போல் கூட்ஸு வண்டி கிடந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் பெட்டியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"எங்கங்க பாலம்? காட்டுங்க" என்றார் கொளஞ்சியப்பன்.

"ரயிலு மறைக்குதே பெரியவரே."

"பாலம் ரயிலுக்கு மேல இருக்கணும். ரயிலு எப்பிடிங்க மறைக்கும்?"

அந்த நேரம் பார்த்து இரண்டு பெட்டிகளுக்கு நடுவில், சக்கரத்துக்குப் பக்கத்தில், முதலில் ஒரு காலிக் கூடை வெளியே வந்தது. பின்னால் வீராயியின் கை வந்தது. அப்புறம் அறுபத்தாறு வயது வீராயி தவழ்ந்து வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். அதிகாரியைக் கண்டதும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "வாங்கய்யா" என்றாள்.

பிலோமின்ராஜ் அவளை நெடுநேரம் பார்த்தார். முகத்தில் வருத்தம் தெரிந்தது. ஒரு பேனாவின் மூடியைக் கழற்றி, ஆய்வுக் குறிப்பில் ஒரே வரி எழுதினார்: 'பொதுமக்கள் மேம்பாலத்தைப் பயன்படுத்துவதில்லை.'

"விழிப்புணர்வு பத்தல" என்று கொளஞ்சியப்பனிடம் மெதுவாகச் சொன்னார்.

அடுத்த வாரம் ஒரு படிவத்தை முன்னால் வைத்து, கையெழுத்துப் போடச் சொன்னார்கள். 'மனு நிறைவேறியது குறித்த திருப்திச் சான்று' என்று தலைப்பு. கொளஞ்சியப்பன் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்து முடிக்க அரை மணி ஆயிற்று.

"போட மாட்டேன்."

பிலோமின்ராஜ் கோபப்படவில்லை. அவருக்கு ஊர்ப் பழக்கம் தெரியும். "உங்க பேரே கொளஞ்சியப்பன். மணவாளநல்லூருல கொளஞ்சியப்பர் கோயில் இருக்குதே, அங்க ஜனங்க என்னா செய்றாங்க? குறைய எழுதிப் பிராது கட்டுறாங்க. காரியம் முடிஞ்சதும் போயி பிராத வாபஸ் வாங்குறாங்களா இல்லியா? சாமிக்கு ஒரு மரியாத, அரசாங்கத்துக்கு ஒரு மரியாதயா?"

"சாமி தொண்ணூறு நாள்ல காரியத்த முடிச்சிட்டு வாபஸ் கேக்குது. நீங்க இருபத்து நாலு வருசம் கழிச்சி வாபஸ மட்டும் கேக்குறீங்க."

"சாமிக்கு வேற வேல கெடயாது பெரியவரே. எங்களுக்கு வரலாறு எழுதணும்."

கொளஞ்சியப்பன் படிவத்தை விமலாராணியிடம் தள்ளினார். "ஏம்மா, இதுல கட்டம் கட்டமா போட்டிருக்குதே, அது என்னா?"

"மனு எப்படி முடிஞ்சுதுன்னு டிக் அடிக்கிறது தாத்தா. மூணு கட்டம். 'நிறைவேறியது', 'மனுதாரர் திரும்பப் பெற்றார்', 'மனுதாரர் காலமானார்'."

"ஆளும் இருக்கான், காரியமும் நடக்கலன்னு ஒரு கட்டம் இல்லியா?"

"பழைய படிவத்துல இருந்துச்சு. எல்லாரும் அதுலயே டிக் அடிக்கிறாங்கன்னு எடுத்துட்டாங்க."

கொளஞ்சியப்பன் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தார். பிலோமின்ராஜ் அவரைத் தடுக்கவில்லை. மூன்று கட்டத்தையும் ஒரு தடவை நிதானமாகப் பார்த்துக்கொண்டார்.

வரலாறு புத்தகமாக வருவதோடு போதாது, செராமிக் ஊரில் தொகுதி செத்தால் செராமிக்கில் ஒரு நினைவு இருக்க வேண்டும் என்று குழு தீர்மானித்தது. மண்டபத்துச் சுவரில் சரியாக நாலடிக்கு ஒரு மாடம் வெட்டி, அதில் பதிக்க நாலடி அகலத்தில் தொகுதியின் வரைபடத்தைப் பீங்கானில் செய்யச் சொல்லி பழமலையின் கம்பெனிக்கு ஆர்டர் போனது. ஆறு, கோயில், தண்டவாளம், தண்டவாளத்தின் மேல் விரல் நீளத்துக்கு ஒரு பாலம்.

பழமலை ஒரு காலத்தில் கொளஞ்சியப்பனுக்குக் கீழே சூளையில் வேலை பார்த்தவன். இப்போது சொந்தக் கம்பெனி வைத்து ஃபியூஸ் கட்டையும் கொலு பொம்மையும் செய்கிறான். ஆர்டரை எடுத்துக்கொண்டு கொளஞ்சியப்பனிடம் வந்தான்.

"அண்ணே, நாலரை அடிக்கு மண்ணு போட்டாத்தான் வெந்து சுருங்கி நாலடிக்கு வரும். அந்த ஆபீசரு நாலடிக்கு மேல ஒரு இஞ்சு போனாலும் அடுத்த தொகுதி நெலம், கேசு ஆயிடும்ங்கறாரு. என்னாண்ணே பண்றது?"

"அவர் சொன்னபடியே பண்ணு. பாலத்துக்கு அடியில ஒரு முட்டு குடு. மெலிசா இருக்குது, சூட்டுல தொங்கிடும்."

"அதையும் சொன்னேண்ணே. வரலாற்றுக்கு முட்டுக் குடுக்கக் கூடாதாம்."

சூளை அதிகாரிகளுக்கு அடங்கவில்லை. வரைபடம் மூன்றரை அடியாகச் சுருங்கி வெளியே வந்தது. பாலம் நடுவில் தொங்கிப்போய்த் தண்டவாளத்தைத் தொட்டது. மாடத்தில் பதித்தபோது சுற்றிலும் மூணு விரல் அகலத்துக்கு வெறும் சுவர் தெரிந்தது.

பிலோமின்ராஜ் கைகட்டி நின்று பார்த்தார். "இந்த இடைவெளி, பிரிந்துபோன கிராமங்களுக்காக நாம் விட்டுவைத்த மௌனம்" என்றார். புலவர் உடனே குறித்துக்கொண்டார். தொங்கிய பாலத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "முதியோர் வசதிக்காக நடுவில் தாழ்வாக அமைக்கப்பட்டது" என்றார். அதையும் புலவர் குறித்துக்கொண்டார்.

வெளியீட்டு விழா 2009 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. வீராயிக்குத் தனியாக அழைப்பு வந்திருந்தது, கட்டாயம் வர வேண்டும் என்று. கொளஞ்சியப்பனுக்கு வரவில்லை. "உனக்கு மறந்திருப்பாங்கய்யா, வா" என்று அவள் கூட்டிப்போனாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். விமலாராணி அவர்களைப் பார்த்ததும் எதையோ சொல்ல வாயெடுத்து, தட்டில் இருந்த சந்தனத்தைக் குனிந்து கலக்க ஆரம்பித்தாள்.

பிலோமின்ராஜ் மைக் முன்னால் வந்தார்.

"இந்தத் தொகுதி வாழ்ந்த நாற்பத்தாறு ஆண்டுகளில் செய்ய முடியாததை, அது இறந்த பதினோரு மாதங்களில் நம் குழு செய்து முடித்திருக்கிறது. செங்கல் இல்லை, ஜல்லி இல்லை, டெண்டர் இல்லை. இந்த மாவட்டத்திலேயே ஒரு மூட்டை சிமெண்டுகூடத் திருட்டுப்போகாமல் கட்டப்பட்ட ஒரே பாலம் நம்முடைய பாலம்தான் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

ஜனங்கள் கைதட்டினார்கள். களிமேட்டுத் தெருக்காரர்களும் தட்டினார்கள். அவர்கள் அன்று காலையில்தான் வண்டிக்கு அடியில் தவழ்ந்து வந்திருந்தார்கள். முட்டியில் கருப்பு இன்னும் போகவில்லை.

"இந்தப் பாலத்துக்காகக் கடைசி மூச்சுவரை போராடி, அதைக் காணக் கொடுத்துவைக்காமல் மறைந்த அமரர் கொளஞ்சியப்பன் அவர்களின் பெயரையே அதற்குச் சூட்டியிருக்கிறோம். அன்னாருக்காக இரண்டு நிமிடம் எழுந்து நிற்போம்."

எல்லோரும் எழுந்தார்கள். கொளஞ்சியப்பனும் எழுந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்ற பிறகுதான் யாருக்காக நிற்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. பக்கத்து வரிசைக்காரர் இவர் பக்கம் குனிந்து, "நல்ல மனுசனாம், பாவம்" என்றார்.

"அன்னாரின் துணைவியார் வீராயி அம்மாளுக்குப் பொன்னாடை போர்த்தப்படும். அம்மா மேடைக்கு வரவும்."

மண்டபமே கேட்கும்படி வீராயியின் குரல் எழுந்தது. "யோவ், உன்ன எரிச்சிட்டாங்களாம்யா! நான் காலையில ஆக்கிப் போட்ட சோத்த யாருய்யா தின்னது?"

கொளஞ்சியப்பன் நேராக மேடைக்குப் போனார். படியில் ஏற முட்டி மறுத்ததால் கீழேயே நின்றார். "நான்தாங்க அமரரு. இப்ப என்னா சொல்றீங்க?"

பிலோமின்ராஜ் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு குனிந்தார். "நீங்க இருக்கறதுல எனக்குத் தனிப்பட்ட முறையில ரொம்ப சந்தோசம் பெரியவரே. ஆனா ஐநூறு பிரதி அச்சாயிடுச்சு. மூணுல ஒரு கட்டத்துல டிக் அடிச்சே ஆவணும். நீங்க கையெழுத்துப் போடல. நாங்க என்னா பண்றது?"

"உசுரோட இருக்கறவன் முன்னால நிக்கறேன். நெஞ்சுல அடிக்கற டிக்கு கேக்கலியா?"

"உங்க நிலைமை எனக்குப் புரியுது. புலவரும் நானும் பேசி ஒரு வழி வச்சிருக்கோம்." அவர் பையிலிருந்து இரண்டு தாளை எடுத்தார். "இது திருப்திச் சான்று. இது பிழை திருத்தம், 'மனுதாரர் உயிருடன் உள்ளார்'னு போட்டிருக்குது. நீங்க சான்றுல கையெழுத்துப் போடுங்க, நான் திருத்தத்துல போடுறேன். நீங்க பாலம் இருக்குதுன்னு எழுதிக் குடுங்க, நாங்க நீங்க இருக்கீங்கன்னு எழுதிக் குடுக்கறோம்."

"எழுதிக் குடுத்தா மனு?"

"முடிஞ்சது. பாலம் இருக்கிற இடத்துல எவனும் பாலம் கேக்க மாட்டான்."

"குடுக்கலன்னா?"

"அப்பவும் முடிஞ்சது. செத்தவருக்குப் பாலம் எதுக்கு?"

புலவர் பக்கத்தில் வந்து நயமாகச் சொன்னார். "போட்டுவிடுங்கள் ஐயா. வாக்காளர் பட்டியல், ரேஷன் அட்டை எல்லாவற்றுக்கும் இந்த நூலைத்தான் பார்ப்பார்கள். உயிர் முக்கியமல்லவா?"

கொளஞ்சியப்பன் பேனாவை வாங்கினார். ஏறிட்டுப் பார்த்தால் கடைசி வரிசையில் வீராயி. உட்காராமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பாதி வளைந்து நின்றாள். இருபத்து நாலு வருஷம் வண்டிக்கு அடியில் போய்வந்ததில் இடுப்பு அப்படியே பழகிவிட்டது. பேனாவுக்கு மூடியைப் போட்டு அதிகாரியின் சட்டைப் பையிலேயே செருகினார்.

"இல்லாத பாலத்துல ஏறி உசுர வாங்கிக்க எனக்கு வேணாங்க. செத்தவன் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன். ஆனா பாலம் இல்ல."

"நாளைக்கு யோசிச்சு வாங்க" என்றார் பிலோமின்ராஜ்.

"செத்தவன எங்கருந்து வரச் சொல்றீங்க?"

வெளியே போகிற வழியில் அந்த மாடம் இருந்தது. கொளஞ்சியப்பன் ஒரு நொடி நின்று, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, தொங்கிய பாலத்தை விரல் முட்டியால் தட்டினார்.

'தொப்.'

"வேகல" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

தண்டவாளத்தில் கூட்ஸு வண்டி கிடந்தது. விழாவுக்கு வந்த தெருக்காரர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். சிலர் கையில் வரலாறு இருந்தது. தலையில் கிரீஸ் படாமல் இருக்க அதைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

வீராயி முந்தானையைச் செருகினாள். "வாய்யா, குனிஞ்சு பூந்துடலாம். உனக்கென்னா பயம், நீதான் செத்தாச்சே."

"ஏ புள்ள, குனியாத. இந்த வண்டி ஒரு உதறு உதறினா, அவன் எழுதினது நெசமாயிடும்." அவள் கையைப் பிடித்து இழுத்தார். "அவனுக்கு அந்த வேலய நாம மிச்சம் பண்ணக் கூடாது. சுத்தியே போவோம்."

"ரெண்டு கிலோமீட்டருய்யா."

"இருக்கட்டும்."

கேட்டுப் பக்கமாக இருவரும் நடக்கத் தொடங்கினார்கள். பின்னால் மண்டபத்து ஸ்பீக்கரில் நாட்டுப்பண் முடிந்து, மேம்பாலத்தின் நன்மைகளைப் புலவர் செய்யுளாகப் பாடிக்கொண்டிருந்தார். கொளஞ்சியப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. முட்டி இரண்டும் விண்விண்ணென்று வலித்தன. வலித்தால் வலிக்கட்டும் என்று ஊன்றி ஊன்றியே நடந்தார்.